பச்சை டேப்

பக்கத்துத் தகட்டைக் கழற்றியதும் கம்ப்யூட்டருக்குள்ளேயிருந்து ஒரு பல்லி துள்ளிக் குதித்து ஓடியது. பெரும்பாறைக் காப்பி எஸ்டேட்டின் கணக்கப்பிள்ளை நாற்காலியோடு சேர்ந்து ஒரு முழம் பின்னால் நகர்ந்தார். வேறு நாளாக இருந்தால் அருள்தாஸ் அவரை நாலு கிண்டல் பண்ணியிருப்பான். இன்றைக்கு அதற்கெல்லாம் பொழுதில்லை. மத்தியான பஸ்ஸை விட்டால் பண்ணைக்காட்டு வேலை கெட்டது. பண்ணைக்காடு கெட்டால் மாசக் கடைசிக்குள் எல்லாம் முடிகிற கதையில்லை.

அவன் பையைப் பிரித்தான். ஸ்குரூ டிரைவர்கள், பெயிண்ட் பிரஷ், மல்டிமீட்டர், கேபிள் நுனியில் கிளிப்பைக் கடிக்க வைக்கிற கிரிம்பிங் டூல், சிடிகள் அடங்கிய ஜிப் பவுச், கழுத்துக் கயிற்றில் கோத்த பென் டிரைவ். பிரஷ்ஷால் பல்லி முட்டையின் ஓட்டைத் தள்ளினான். ரேம் பலகையைப் பிடுங்கி, சட்டைப் பையிலிருந்த பள்ளிக்கூட ரப்பரால் அதன் பற்களை அழுத்தித் தேய்த்தான். மலைப் பனிக்கு மனுஷருக்கே சளி பிடிக்கிறது, இதற்குப் பிடிக்காதா? திரும்பச் செருகி ஸ்விட்சைப் போட்டதும் மிஷின் ஒரு குரல் கொடுத்து எழுந்துகொண்டது.

"இம்புட்டுத்தானா சோலி? ரப்பரப் போட்டு அழிக்கவா கொடைக்கானல்லேருந்து வந்தீக?" என்றார் கணக்கப்பிள்ளை.

"இன்னும் இருக்குங்க." பென் டிரைவைச் செருகினான். "ஒரு சாப்ட்வேர் ஏத்துறேன். இனிமே மக்கர் பண்ணுச்சுன்னா நீங்க போன் மட்டும் போடுங்க. மதுரையில உக்காந்துக்கிட்டே உங்க ஸ்கிரீனத் தொறந்து சரிபண்ணிருவோம்."

"அங்கேருந்தேவா? அப்ப நீங்க?"

"நானும் மதுரையிலதாங்க இருப்பேன். ஏசி ரூம்ல" என்றான் அருள்தாஸ். சொல்லும்போதே வாயெல்லாம் பல்.

மலை முழுக்க பிராட்பேண்ட் வந்துவிட்ட வருஷம் அது. மதுரைக் கம்பெனியின் மேனேஜர் ராஜமுருகன் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: கொடைக்கானல் பக்கத்து வாடிக்கையாளர் எல்லாருக்கும் மாசக் கடைசிக்குள் இந்த ரிமோட் சாப்ட்வேரை ஏற்றிவிட வேண்டும்; மதுரையில் ரிமோட் டீம் தொடங்கப் போகிறார்கள்; அனுபவஸ்தன் ஒருத்தன் வேண்டும்; ஒரு நாற்காலி இருக்கிறது. "வேலைய முடிச்சுட்டு வாங்க அருள், பெர்மனன்ட் ஆர்டரோட உக்காரலாம்."

இத்தனை வருஷமாக அன்றன்றைக்குப் பார்த்த வேலைக்குத்தான் அவனுக்குக் காசு. மழை என்று படுத்தால் அன்றைக்குச் சோறில்லை. ஆனால் அவன் மனசு நாற்காலியில் விழுந்தது அதனால் மட்டுமில்லை. அவன் மனைவி தேவகுமாரிக்கு மூச்சிரைப்பு. மேகம் இறங்கினால் அவள் நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு கத்தும். "கீழ கூட்டிட்டுப் போயிருங்க, இந்தக் குளிர்ல மாத்திரை மட்டும் போதாது" என்று டாக்டர் சொல்லி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. வேலை மேலே இருக்க ஆள் கீழே இறங்குவது எப்படி? இப்போது வேலையே கீழே இறங்குகிறது. அருள்தாஸ் கால் தரையில் பாவாமல் ஓடினான்.

ஏரிக்கு மேலே இருந்த ஓட்டலில்தான் முதல் இடறல். ரிமோட்டை ஏற்றிவிட்டு, நிஜமாகவே ஆளில்லாத மாதிரி சோதித்துப் பார்க்கலாம் என்று வெளியே போய் நின்றான். மதுரையிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். ரிசப்ஷனில் அப்போதைக்கு இருந்தது ரூம் கூட்டுகிற மகாராணி மட்டும். நெட் வயரைப் பிடுங்கி மறுபடி செருகச் சொன்னாள் மதுரைக்காரி. மேஜைக்கடியில் போன மகாராணி கையில் அகப்பட்டதைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டர், பிரின்டர், மேஜை விளக்கு எல்லாம் ஒரே அடியாக அணைந்தன.

"உன்னைய யாரு அங்க கைய வைக்கச் சொன்னது?" ஓட்டல் மேனேஜர் ஞானவேல் உள்ளேயிருந்து கத்திக்கொண்டே வந்தார். மகாராணி ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள்.

அருள்தாசுக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. நாளைக்கு மதுரை நாற்காலியில் உட்கார்ந்து இந்த மகாராணி அக்காவோடு மாரடிக்கப் போகிறவன் அவனேதானே? மூஞ்சிக்கல் கடைவீதிக்குப் போய் ஹார்டுவேர் கடையில் கைக்காசு போட்டு நாலு நிறத்தில் இன்சுலேஷன் டேப் வாங்கி வந்தான். கரண்டுக்குச் சிவப்பு, ஸ்கிரீனுக்கு மஞ்சள், பிரின்டருக்கு நீலம், நெட் வயருக்குப் பச்சை. வயரில் ஒரு சுற்று, அது போய்ச் செருகுகிற ஓட்டைக்கு மேலே அதே நிறத்தில் ஒரு துண்டு.

"அக்கா, இப்பப் பாருங்க. பச்சைக்குப் பச்சை. படிக்கத் தெரியணும்னே இல்ல."

மகாராணி குனிந்து பார்த்தாள். "அட, கோழி கால்ல துணி கட்டி விடுற மாதிரி! எது யாரு வீட்டுதுன்னு தெரிஞ்சிரும்." பிடுங்கினாள், செருகினாள். மறுபடியும் அவளே பிடுங்கிச் செருகினாள். "இதுக்குத்தானா தம்பி நீங்க இம்புட்டுப் பெரிய பைய தூக்கிட்டு அலைஞ்சீக?" அருள்தாஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

ராஜமுருகனுக்குச் சொன்னபோது அவர் போனிலேயே கைதட்டாத குறை. "சூப்பர் அருள்! இத ஏன் நமக்குத் தோணாமப் போச்சு? போட்டோ எடுத்து மெயில் பண்ணுங்க. எல்லா ஊர்லயும் ஒட்டச் சொல்றேன்."

அன்று சாயங்காலம் நாயுடுபுரத்து வீட்டில் தேவகுமாரி தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே கேட்டாள். "நெசமாவா? அப்ப இந்த ஸ்வெட்டரெல்லாம் யாருக்காச்சும் குடுத்துரவா?" சிரித்தவளுக்கு இரைப்பு வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் சிரிப்பை நிறுத்தவில்லை. மறுநாளே அவள் சாக்லேட் கடையில், உருட்டிய சாக்லேட்டுக்குத் தாள் சுற்றுகிற வேலைக்கு இந்த மாசத்தோடு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பழனியிலிருந்து தண்டாயுதபாணி போன் பண்ணியது அதற்கப்புறம். அடிவாரத்து லாட்ஜுகளும் கடைகளும் அவன் பொறுப்பு. அவனும் அதே கம்பெனி, அதே மாதிரிப் பை.

"ஏலே அருளு, ஒரு பெட்டி நெறைய டேப் வந்திருக்கு. வயருக்கெல்லாம் கலர் சுத்தணுமாம். எந்தக் கிறுக்கன் சொன்ன யோசனைலே இது?"

"என் யோசனைதாம்லே" என்றான் அருள்தாஸ் பெருமையாக.

"அடப்பாவி! பஞ்சாமிர்தக் கடையில டப்பா மூடுற பொம்பளை தானாவே வயர மாட்டிட்டு போனக் கீழ வச்சிருச்சு. டேப் ஒட்டுனதுலேருந்து என்னைய ஒருத்தன் கூப்பிடலைலே. காசு குடுத்து வாங்கி, சொந்தச் செலவுல சூனியம் வச்சிருக்க, உனக்கும் எனக்கும் சேத்து!"

"எனக்கு மதுரையில சீட்டு சொல்லியிருக்காரு ராஜமுருகன் சார். ஒரு நாற்காலி இருக்குதாம்."

"உனக்கும் சொன்னாரா?" தண்டாயுதபாணியின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கும் அதே நாற்காலியத்தான்லே சொன்னாரு."

போனை வைத்த பிறகு அருள்தாசுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், பையைத் திறந்து மூடினான். தண்டாயுதபாணி பொறாமையில் சொல்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஓட்டலிலிருந்து அவனுக்கும்தான் ஒரு போனும் வரவில்லை. தேவகுமாரியிடம் மூச்சுவிடவில்லை. அவள் கம்பளிகளை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மாசக் கடைசியில் எல்லாரையும் பையோடு மதுரைக்கு வரச் சொன்னார்கள். வெள்ளனே முதல் பஸ் பிடித்துப் போனான். ஆபீசின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இல்லை, இரண்டு வரிசை நாற்காலிகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. படிப்பு முடித்த கையோடு வந்த பிள்ளைகள், காதில் ஹெட்செட். அவர்களில் ஒருத்தி அவனைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள்.

"சார், நீங்கதானே கொடைக்கானல் அருள்தாஸ் சார்? நான் லாவண்யா. கலர் டேப் போட்டீங்கள்ல, எங்க டிரெய்னிங்கே அத வச்சுத்தான் சார். உங்க போட்டோவெல்லாம் காட்டுனாங்க." கண்ணில் நிஜமான மரியாதை இருந்தது. எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டான். அவள் கூச்சத்தோடு சொன்னாள். அதில் மதுரையில் ஒரு ரூமுக்கு வாடகைகூடக் கட்ட முடியாது.

ராஜமுருகன் உட்காரச் சொல்லவில்லை. "அருள், மேனேஜ்மென்ட் டிசிஷன். நான் உங்களுக்காக எவ்வளவோ பேசிப் பாத்தேன். அவங்க புதுசா வர்றவங்களத்தான் கேக்குறாங்க."

"சார், நாற்காலி இருக்குன்னு சொன்னீங்க சார்."

"இருந்துச்சு. உங்க டேப் வந்ததுக்கப்புறம் அனுபவஸ்தன் எதுக்குன்னு கேக்குறாங்க. யாரு சொன்னாலும் அங்க கேட்டு மாட்டிர்றாங்கல்ல?" அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "டூல்ஸ மட்டும் ஸ்டோர்ல ஒப்படைச்சுட்டுப் போயிருங்க."

ஸ்டோர் மேஜையில் பையைக் கவிழ்த்தான். மல்டிமீட்டர் கம்பெனியுடையது. கிரிம்பிங் டூல் கம்பெனியுடையது. சிடி பவுச், பென் டிரைவ், அந்தப் பையும்கூடத்தான். பக்கத்து மேஜையில் தண்டாயுதபாணி தன்னுடைய பையைக் காலி செய்துகொண்டிருந்தான். திட்டுவான் என்று அருள்தாஸ் எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. தண்டாயுதபாணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிரஷ்ஷையும் இரண்டு ஸ்குரூ டிரைவரையும் பேப்பரில் சுற்றிக்கொண்டு அருள்தாஸ் படி இறங்கினான்.

வீட்டில் தேவகுமாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒரு ஸ்வெட்டரை எடுத்துத் தலைவழியே மாட்டிக்கொண்டாள். "ஏலாதுன்னு சொன்னா நாம என்ன செய்யிறது? கடையில போய்த் திரும்பக் கேட்டுப் பாக்குறேன்." போய்க் கேட்டாள். அவள் இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்து தாள் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க மேகம் வாசலிலேயே நின்றது. அவள் இரைப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அருள்தாசால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளராகப் போய்க் கேட்பது என்று கிளம்பினான். கம்பெனி வேண்டாம், என்னை நேரடியாக வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் காசு கொடுத்தால் போதும்.

முதலில் ஏரிக்கு மேலே இருந்த ஓட்டலுக்குப் போனான். சீசன் கூட்டம். ரிசப்ஷனுக்கு முன்னால் பெட்டிகளோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். கம்ப்யூட்டர் நின்றுபோயிருந்தது. பினாயில் வாளியும் துடைப்பமும் மாடிப்படியில் பாதியில் கிடந்தன. மேஜைமேல் செல்போன் ஸ்பீக்கரில் அலறிக்கொண்டிருந்தது.

"வாப்பா அருள், ஒரு நிமிஷம்" என்றார் ஞானவேல்.

அருள்தாசின் கை தானாகவே மேஜைப் பக்கம் போயிற்று. "என்னாச்சுங்க? நான் பாக்கவா?"

"இரு, இரு. நீ இப்ப கம்பெனியில இல்லையாமே, கைய வைக்காத, கம்பெனிக்காரங்க சண்டைக்கு வருவாங்க. அதான் லைன்ல இருக்காங்கள்ல."

"நான் உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கலாம்னு வந்தேங்க. சர்வீஸுக்கு என்னையவே நேரா கூப்பிட்டீங்கன்னா..."

அதற்குள் ஸ்கிரீனில் வெளிச்சம் வந்தது. அம்புக்குறி தானாக நகர்ந்தது. யாரும் தொடாமலே ஜன்னல்கள் திறந்து மூடின. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஞானவேலுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா சார், மதுரையிலேருந்து பண்றாங்க!" என்று முன்னால் நின்றவரிடம் சொன்னார். பிறகு அருள்தாஸ் பக்கம் திரும்பினார். "தப்பா நினைக்காதப்பா. நீயே பாக்குறல்ல? இப்பல்லாம் இதுக்கு ஆளே தேவப்படல."

"அக்கா" என்றது மேஜைமேல் இருந்த போன். லாவண்யாவின் குரல். "அந்தப் பச்சை பின் லூசா இருக்குக்கா. விட்டா கட்டாயிரும். நான் சொல்ற வரைக்கும் அப்படியே அமுக்கிப் புடிச்சிட்டே இருங்க."

"புடிச்சிருக்கேன் தாயி" என்று மேஜைக்கடியிலிருந்து மகாராணியின் பதில் வந்தது. மேஜைக்கு வெளியே இரண்டு ஈரக் குதிகால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பின்னால் நின்ற யாரோ தங்கள் பெட்டியை அவற்றின்மேல் படாமல் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்கள்.