தீவிலிருந்து மழை அளவு

மழை அளப்பவரைத் தீவுக்குத் தூக்கியடித்ததற்குக் காரணம் ஒரே ஓர் எண்தான். வெள்ளம் வந்த வருடம், பெய்த மழையைக் குறைத்து எழுதச் சொன்னார் மேலதிகாரி. "பெஞ்சது பெஞ்சதுதான் சார்" என்று இவர் மறுத்துவிட்டார். மற்றவர்களைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவார்கள். இவருக்குச் சுற்றிலும் தண்ணீர்.

தீவில் ஓர் அறை, ஒரு மழைமானி, ஒரு வயர்லெஸ். தினமும் காலையில் அளவைச் சொன்னால், மறுமுனையில் அதே மேலதிகாரி "சரி" என்பார். அதைவிட்டால் வேறு மனிதக் குரல் கிடையாது. சாமான் கொண்டுவரும் படகுக்காரன்கூட அலைக்குப் பயந்து, மூட்டையைக் கரையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவான்.

போகப்போக அந்த அதிகாரியின் வசவுக்கே மனம் ஏங்க ஆரம்பித்தது. அலுவலகத்தில் இருந்தபோது ஒரு புள்ளி பிசகினாலும் தாம்தூம் என்று குதிப்பாரே, எத்தனை வார்த்தை பேசுவார்!

ஒருநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. மழைமானிக்குள் ஓர் எறும்பு காய்ந்து கிடந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டைக்கூடக் கூட்டிச் சொல்லாத மனிதர் வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"ராத்திரி பேய்மழை சார். மானி நிரம்பி வழியுது."

திட்டு வாங்கக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"சரி."

"பொய் சொன்னேன் சார். ஒரு சொட்டுகூடப் பெய்யல."

"அதுவும் சரி. நீங்க சொல்றத இங்க எழுதறத நிறுத்தி ரொம்ப நாளாச்சுப்பா."

மறுநாள் காலையிலும் அவர் கூப்பிட்டார். அந்தச் 'சரி'யாவது வேண்டுமே.