இலக்கம் எட்டு

முதல் அடி விழுந்தபோது கஜேந்திரனுக்கு அது விறகு பிளக்கிற சத்தம் மாதிரித்தான் கேட்டது. ரிவர்ஸ்டன் மலைப்பாதையில் பகல் மூன்று மணிக்கே பனி இறங்கியிருந்தது. வேனுக்கு முன்னால் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வேன் கதவில் அவருடைய படம், பக்கத்தில் ஆள் உயரத்துக்கு எட்டு. அவருடைய விருப்பு இலக்கம்.

இரண்டு தடவை மாகாண சபைக்கு வென்றவர். சபை கலைந்து பல வருசமாகியும் சனம் இன்னும் மெம்பர் என்றுதான் கூப்பிடுகிறது. இந்தத் தடவை பாராளுமன்றம். கட்சிக்கு வாக்குப் போடுகிற ஓர் ஆள் அதன் பட்டியலில் மூன்று பேரின் இலக்கத்துக்கு விருப்பு வாக்குப் போடலாம் என்பதால் அடிதடியெல்லாம் எதிர்க்கட்சியோடு இல்லை, சொந்தப் பட்டியலில் நிற்கிறவர்களோடுதான். போன கிழமை பதினோராம் இலக்கக்காரரின் ஆட்கள் ரத்தோட்டைக் காரியாலயத்துக்குள் புகுந்து, இவருடைய பொடியன்களுக்குத் தலைவனான டிலக்சனின் முன்பல் இரண்டை இரும்புக் குழாயால் தட்டிவிட்டுப் போனார்கள். இனி எவன் கையில் பதினொன்று நோட்டீஸ் இருக்கிறதோ அந்தக் கையை ஒடியுங்கள் என்று அன்றைக்குச் சொன்னது கஜேந்திரன்தான்.

இரண்டாவது அடிக்கு ஹெல்மெட் வெடித்தது. யாரோ ஒருவன், நின்றுபோன மோட்டார் சைக்கிள் பக்கத்தில் பதினொன்று நோட்டீஸ் கட்டோடு நின்றவன். வேன் நிற்கும் முன்னாலேயே பொடியன்கள் குதித்துவிட்டார்கள். கஜேந்திரன் இறங்கவில்லை. எந்தத் தேர்தலிலும் அவர் கையால் யாரையும் அடித்ததில்லை. பார்த்ததும் இல்லை.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, நசுங்கி.

"மச்சான்... நிப்பாட்டச் சொல்லுங்க மச்சான்..."

திவாகரன். மனைவி ரஜிதாவின் தம்பி. முதல் தேர்தலில் வென்ற அன்று இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ரத்தோட்டை டவுனைச் சுற்றியவன்.

கஜேந்திரன் கதவுப் பிடியைப் பிடித்தார். காலையில்தான் பதினோராம் இலக்கக்காரரோடு போனில் பேசி முடித்திருந்தார். நாவுலப் பக்கம் அவர்கள் எட்டுக்கு நோட்டீஸ் கொடுப்பார்கள், இந்தப் பக்கம் இவர்கள் பதினொன்றுக்குக் கொடுக்க வேண்டும். பொடியன்களிடம் சொல்லவில்லை. பல் போனவனிடம் எப்படிச் சொல்வது? திவாகரனிடம் மட்டும் நோட்டீஸ் கட்டைக் கொடுத்து, மத்தியானத்துக்குள் தோட்டத்து மேல் டிவிஷனை முடித்துவிட்டுப் போய்விடச் சொல்லியிருந்தார். இப்போது இறங்கி நிறுத்தினால் ஏன் நிறுத்தினார் என்று டிலக்சன் கேட்பான். உண்மை தெரிந்தால் நாளைக்கே எல்லாரும் அதே பட்டியலில் நிற்கிற ஐந்தாம் இலக்கக்காரரின் வேனில் ஏறிவிடுவார்கள்.

பிடியைப் பிடித்தபடியே இருந்தார். மூன்று அடி விழுந்தது. மூன்றாவதுக்கு எலும்பு முறிந்த சத்தம் கேட்ட பிறகுதான் கத்திக்கொண்டு ஓடினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் திவாகரனின் ரத்தம் சீட்டிலிருந்து அவருடைய வெள்ளைச் சட்டைக்கு ஊறிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் டிலக்சன் அழுதான். பிறகு நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"மெம்பர், இவர் கையில எப்புடி பதினொண்ணு நோட்டீஸ்?"

"அவனுங்ககிட்ட பறிச்சிருப்பான். கேளு, யாரு கேட்டாலும் அடிச்சது அஞ்சாம் நம்பர் ஆளுங்க. வெளங்குதா?"

டிலக்சன் நாக்கால் பல் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை வார்டுக்குள் போன் கேமராக்கள் வந்துவிட்டன. திவாகரனின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், வலது கை முழங்கை வரை மாவுக்கட்டு. கஜேந்திரன் சட்டையை மாற்றவில்லை. கேமராவைப் பார்த்து, ஐந்தாம் இலக்கக்காரரின் காடையர்கள் என் குடும்பத்து ரத்தத்தைக் குடித்துவிட்டார்கள் என்றார். குரல் தானாகவே உடைந்தது.

ரஜிதா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலில் குனிந்தாள்.

"தம்பி, யாருடா அடிச்சது? பேச வேணாம், கையால காட்டு."

திவாகரனின் கண் ஒன்று வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண் கஜேந்திரனிடம் வந்து நின்றது. போர்வைக்குள்ளிருந்து இடது கை மெல்ல வெளியே வந்து ஐந்து விரலையும் விரித்தது. கேமராக்கள் கிட்ட நெருங்கின. கஜேந்திரன் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார்.

கை கீழே இறங்கவில்லை. ஐந்து விரலும் மடங்கின. பிறகு ஆள்காட்டி விரல் எழுந்தது. ஆறு. அடுத்து நடுவிரல். ஏழு. வாசலில் நின்ற டிலக்சன் ஓரடி உள்ளே வந்தான். கஜேந்திரன் மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டிருந்தது.