இரவல் விலாசம்

சம்பந்தம் வேண்டாம் என்று இராமதாஸ் போனில் சொன்னபோது கலைவாணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. வருகிற புதன்கிழமை நிச்சயதார்த்தம். மண்டபம் பேசியாயிற்று. அவள் மகள் சிந்துஜாவும் புதுச்சேரி கதிர்காமத்து மாப்பிள்ளை இளஞ்செழியனும் போனிலேயே பாதிக் குடித்தனம் நடத்திவிட்டார்கள். இப்போது போய் மாப்பிள்ளையின் அப்பா இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்?

காரணம் கேட்டாள். மனுஷர் மென்று விழுங்கிச் சொன்னார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. உங்க பொண்ணு தங்கம். ஆனா மகிழம் நகர்ல சம்பந்தம் பண்ண எங்க வீட்ல யாருக்கும் தெகிரியம் இல்ல. பக்கத்துல பனஞ்சாலையா இருந்தாகூட கண்ண மூடிக்கிட்டு வந்திருப்போம்."

கலைவாணி பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, இப்போது தேங்காய்மூடியோடு உட்கார்ந்திருப்பது, எல்லாமே பனஞ்சாலையில்தான்.

கேட்டீர்களா கூத்தை? ஒரு காலத்தில் பனஞ்சாலை என்று சொன்னால் புதுச்சேரி ஆட்டோக்காரன் பாதி வழியிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான். மில்லு மூடி வேலை போன வீட்டுப் பையன்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து வெட்டிக்கொண்டார்கள். நாட்டு வெடிகுண்டு அங்கே குடிசைத் தொழில் மாதிரி இருந்தது. பனஞ்சாலைக்காரனுக்கு வேலை கிடையாது, பெண் கிடையாது, வங்கியில் கடன்கூடக் கிடையாது. ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன்காரர்களும் ஆபீசர்களும் மாடி வீடு கட்டிக் குடியிருந்த மகிழம் நகரின் பேரை இரவல் எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் ஒரே தபாலாபீஸ், அதனால் கடிதம் ஒழுங்காக வந்தது. ரேஷன் கார்டு, ஆதார், தெருமுனைப் பக்கிரியின் டீக்கடைப் பலகை, எதைப் பார்த்தாலும் மகிழம் நகர். பனஞ்சாலை என்று நகராட்சி நட்ட பலகையைக்கூட ராவோடு ராவாகப் பிடுங்கிவிட்டார்கள்.

இதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. வெளியாள் வந்து யாரைப் பற்றி விசாரித்தாலும், ஜென்மப் பகையாளி வீடாகவே இருந்தாலும், மகிழம் நகர் என்றுதான் சொல்ல வேண்டும். இதுவரை ஒருத்தரும் காட்டிக்கொடுத்ததில்லை. கலைவாணியும் தன் பங்குக்குச் சாமர்த்தியமாகப் பெண் பார்க்கிற சடங்கை மணக்குள விநாயகர் கோயிலிலேயே முடித்துக்கொண்டாள்.

ஆனால் காலம் யாரைக் கேட்டுக்கொண்டு மாறுகிறது? வெட்டினவர்களில் பாதிப் பேர் செத்தார்கள். மீதிப் பேர் ஜெயிலிலிருந்து நரைத்த தலையோடு வந்து, இப்போது மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். பனஞ்சாலையில் ஒரு சைக்கிள் திருடுபோய்க்கூட வெகுகாலமாகிறது. அந்தப் பக்கமோ, பிள்ளைகள் பிரான்சுக்குப் போய்விட மாடி வீடுகள் பூட்டிக் கிடந்தன, பிறகு யார் யாருக்கோ வாடகைக்குப் போயின. கஞ்சா வந்தது. கத்தியும் வந்தது. போன மாதம் பட்டப்பகலில் பூங்கா வாசலில் ஒரு பையனை ஓட ஓட வெட்டினார்கள். டிவியில் மகிழம் நகர் என்று கொட்டை எழுத்தில் போட்டான். ஐயோ பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று சொல்லிவிட்டுக் கலைவாணி சீரியலுக்கு மாற்றினாள். அது தன் மகள் தலையில் வந்து விடியும் என்று அவள் கண்டாளா?

இப்போது வேறு வழியில்லை. மானத்தைப் பார்த்தால் மகள் கல்யாணம் நின்றுவிடும்.

"நாங்க பனஞ்சாலைதாங்க," என்றாள். வெளியாளிடம் அந்தப் பேரைச் சொன்னது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை. நாக்கு கூசியது.

இராமதாஸ் நம்பவில்லை. அவர் தங்கை மகனுக்குப் பெண் பேசியபோதும் மகிழம் நகர்க்காரர் ஒருவர் இதே மாதிரி பனஞ்சாலை என்று சாதித்தாராம். இப்போது அந்த நகரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். கலைவாணிக்குக் காதை நம்ப முடியவில்லை. எங்கள் பேரையா, அவர்களா? ஆதார் இருந்தால் அனுப்பச் சொன்னார். அதிலும் மகிழம் நகர் என்றுதானே இருக்கிறது?

"நேர்ல வந்து பாருங்க. தெருவுல யார வேணா கேளுங்க," என்றாள்.

சாயங்காலம் வருவார்கள் என்று நினைத்துத்தான் சொன்னாள். அதற்குள் தெருவில் நாலு பேரிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று கணக்கு. மனுஷர் பக்கத்தில்தான் எங்கேயோ இருந்திருக்கிறார். விஷயம் கேட்ட சிந்துஜா அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் தெருமுனையில் கார் நின்றுவிட்டது. கலைவாணி ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் இராமதாஸ் டீக்கடைப் பக்கிரியிடம் கேட்டேவிட்டார்.

"யாருங்க பனஞ்சாலைன்னு சொன்னது? கலைவாணிக்கா மகிழம் நகரு. நாங்க எல்லாருமே மகிழம் நகருதான்," என்றான் பக்கிரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

உண்மையைச் சொல்லடா என்று கலைவாணி கெஞ்சினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் பக்கிரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டது. யாரோ வந்து அக்காவைப் பனஞ்சாலைக்காரி என்று அவமானப்படுத்துகிறார்கள் என்று நினைத்துவிட்டான் பாவி. பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்தான். இஸ்திரிக்கார சின்னப்பாப்பா ஓடிவந்தாள். தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்குப் பிறகு கலைவாணியோடு முகங்கொடுத்துப் பேசாதவள் அவள். அவளே கையிலடித்து மகிழம் நகர் என்றாள். சலூனில் சவரம் பாதியில் இருந்தவன்கூட நுரையோடு எழுந்து வந்து சொன்னான். கலைவாணி இல்லை இல்லை என்று கத்தக் கத்த, சின்னப்பாப்பா அவள் வாயைப் பொத்தி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

இராமதாஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலும் தேவலை.

"இத்தன பேரு பொய்யாம்மா சொல்வாங்க?" என்று கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார். வண்டி பின்பக்கமாகப் போய்த் திரும்பியபோதுதான் சிந்துஜா வந்து சேர்ந்தாள். அம்மாவையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கார் மறைந்ததும் பக்கிரி கலைவாணி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அழுவாதக்கா. உயிரே போனாலும் நாங்க வாய வுடமாட்டோம். நீ போய் பாப்பா கல்யாண வேலையப் பாரு."