இரண்டு டம்ளர் சூப்பும் பதினெட்டு நாளும்

ஈரப் பஞ்சு உதட்டில் படுகிறது, படும்போதே தீர்ந்துவிடுகிறது, இன்னொரு தடவை சிஸ்டர் என்று கெஞ்சுகிறேன், எஸ்தர் சிஸ்டர் சிரிக்கிறாள், அம்மா, உதட்டை நனைக்கத்தான் பஞ்சு, உறிஞ்சப்படாது, எங்க ஆ காட்டுங்க என்கிறாள், இருபது வருஷமாய்ப் பால்வாடியில் பிள்ளைகளிடம் நான் சொன்ன ஆ காட்டு இப்போது எனக்கே வந்து நிற்கிறது, கண்ணை மூடினால் எங்கள் தெருக் குழாய், பத்து நாளைக்கு ஒருதரம் வருகிற தண்ணீர் இன்றைக்குப் பார்த்து வந்து குடமெல்லாம் நிரம்பி வாசல்வரை ஓடுகிறது, அடைங்கடி, வீணாப் போகுதுடி என்று கத்துகிறேன், ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணைத் திறந்தால் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாய்க் கைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, உடம்புக்குத் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது, தொண்டைக்குத்தான் அது தெரியவில்லை. இது முதல் தடவையா ரெண்டாவதா சிஸ்டர் என்று கேட்கிறேன், ஊசி மயக்கத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது, ரெண்டாவதும்மா, இன்னைக்கு நாலாம் நாள் என்கிறாள்.

முதல் தடவை ஆறே நாள்தான், பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது மேல்வயிற்றில் பிடித்தது, வாய்வு என்று ஓமத்தை மென்றேன், அது முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போனது, மல்லாந்து படுத்தால் உயிர் போகிறது, தலையணையைக் கட்டிப்பிடித்து முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் விடுகிறது, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வந்தவுடனே கேட்ட கேள்வி, குடிப்பீங்களா, அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, காப்பி குடிப்பேன் டாக்டர் என்றேன். அப்புறம்தான் பித்தப்பையிலிருந்து ஒரு சின்னக் கல் நழுவி வழியை அடைத்ததில் கணையம் வீங்கிவிட்டது என்றார்கள், கூடப் பிறந்த செல்லத்தாய் அக்கா அதை நம்பவே இல்லை, கணையமா, அதெல்லாம் நம்ம வம்சத்துலயே யாருக்கும் கிடையாதே என்றாள், என்னமோ நான் புதிதாய் ஒன்றை வாங்கி உள்ளே மாட்டிக்கொண்டது மாதிரி. எத்தனை நாள் டாக்டர், எத்தனை நாள் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள், லேசா வந்தது ஒரு வாரத்துல அடங்கும், ஆனா வலி நின்னதும் ஆறிருச்சுன்னு நெனைச்சிராதீங்க, உள்ள ஆற வாரக்கணக்காகும், பித்தப்பையை எடுக்கிறவரைக்கும் எண்ணெய், கொழுப்பு, கறி ஒண்ணும் கூடாது என்று டாக்டரம்மா எழுதியே கொடுத்தாள், அந்தச் சீட்டை வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

ஒட்டின மூணாம் நாள் அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கிறது, யார் என்று எட்டிப் பார்த்தால் என் வீட்டுக்காரர், இருபத்து மூன்று வருஷத்தில் அடுப்பைப் பற்றவைத்தே அறியாத மனுஷர், பஸ் டிப்போவில் என்ஜினைப் பிரித்துப் போட்டு மாட்டத் தெரியும், வெந்நீர் வைக்கத் தெரியாது, விடிவதற்கு முன்பே கறிக்கடைக்குப் போய் ஆட்டுக்கால் வாங்கி, வாட்டி, வெட்டி, மிளகை நுணுக்கி, குக்கர் மூடியைத் திறக்கும்போது முழங்கைக்குக் கீழே சுட்டுக்கொண்டு, வேட்டி முனையால் டம்ளரைப் பிடித்தபடி வந்து நிற்கிறார், டிப்போவுல எல்லாரும் சொன்னாங்க புள்ள, ஆசுபத்திரிக்குப் போய்ட்டு வந்த ஒடம்புக்கு ஆட்டுக்கால் சூப்புதான் தெம்பாம், கறிதானே கூடாதுன்னு போட்டிருக்கு, இது வெறும் எலும்புத் தண்ணிதான. டம்ளரின் மேல் பளபளவென்று கொழுப்புப் படலம், எனக்குத் தெரியாதா, தாய்மார்களைக் கூட்டிவைத்து எது சத்து, எது ஆகாது என்று வாராவாரம் பாடம் எடுக்கிறவள் நான், ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இந்த மனுஷர் என்மேல் பிரியமாய் ஒரு வார்த்தை பேசினதில்லை, அது இப்போது டம்ளரில் வந்து நிற்கிறது, குடித்தேன், இன்னொரு டம்ளர் ஊற்றினார், அதையும் குடித்தேன். மத்தியானத்துக்குள் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன், ஆட்டோவில் ஏற்றி மறுபடியும் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

என்ன சாப்பிட்டீங்க என்று டாக்டரம்மா கேட்கிறாள், கட்டிலைச் சுற்றி அக்கா, அக்கா மகள், சிஸ்டர், கடைசியில் சுவரோரமாய் அவர், அவர் முகம் வெளுத்துப் போயிருக்கிறது, வடை என்று என் வாய் சொல்கிறது, டீக்கடை வடை, ரெண்டு, ஆசையாயிருந்திச்சு டாக்டர். அவ்வளவுதான், அக்கா பிடித்துக்கொண்டாள், ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவ நாக்கை அடக்கத் தெரியலையே, ஆறு நாள் நான் கெடந்து பார்த்ததுக்கு நல்ல மரியாதை செஞ்சிட்ட, ஊரு கேட்டா சிரிப்பாச் சிரிக்குமே. ஐந்தாம் நாளும் வடை, ஆறாம் நாளும் வடை, கணையத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று ஸ்கேனில் வந்த ஏழாம் நாளும் வடை, பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் அக்கா அந்த வடையைத்தான் பரிமாறினாள், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கைக்காயத்தில் உரிகிற தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழியை ஏற்றுக்கொண்டது நான்தான், அவர் தலை குனியக் கூடாது என்றுதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா, அவளைத் திட்டாதீங்க என்றாவது சொல்ல மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கிடந்தேன், வலியைக்கூட ஊசி போட்டு அமர்த்தினார்கள், இதை என்னால் தாங்க முடியவில்லை. பத்தாம் நாள் ஒரு மடக்குத் தண்ணீர், அப்பா, அது தொண்டையில் இறங்கியதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன், பன்னிரண்டாம் நாள் கஞ்சித் தண்ணீர், அன்றைக்கே வலி திரும்பி மறுபடியும் பஞ்சு, பதினஞ்சாம் நாள் மறுபடியும் கஞ்சி, அது வலியில்லாமல் வயிற்றில் தங்கியது, நடந்து கழிப்பறைக்குப் போனால் கால் என்னுடையதாகவே இல்லை, கண்ணாடியில் யாரோ ஒருத்தி.

பதினெட்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று சீட்டு எழுதிக்கொண்டே டாக்டரம்மா நிமிர்கிறாள், இனிமே வீட்டுல யாரு ஆசையா எதக் குடுத்தாலும் குடிக்காதீங்க என்கிறாள், வடை டாக்டர் என்று ஆரம்பிக்கிறேன், அவள் சிரிக்கிறாள், ஒங்க வீட்டுக்காரர் ரெண்டாம் நாளே என் ரூமுக்கு வந்து நின்னு அழுதுட்டாரும்மா, நாந்தான் சூப்பு வச்சுக் கெடுத்துட்டேன், எனக்காகத்தான் வடைங்கிறா, நான் சொன்னேன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம், வைத்தியத்தை மட்டும் சூப்புக்குப் பாருங்க டாக்டர்னாரு. பதினெட்டு நாளில் அடக்கி வைத்த அழுகையெல்லாம் அந்த நாற்காலியிலேயே வந்துவிட்டது.

வாசலில் அவர் பையோடு நிற்கிறார், ஆட்டோ வந்துருச்சு புள்ள என்கிறார், ஆட்டோ கெடக்கட்டும், டாக்டர்கிட்ட மட்டும் சொல்லத் தெரிஞ்சுதாக்கும், எங்க அக்காகிட்ட யாரு சொல்றது, பதினெட்டு நாளா வாங்கிக் கட்டிக்கிட்டது நான்தானே என்று பிடித்துக்கொண்டேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, மதினின்னா பயமாயிருக்கு புள்ள என்கிறார், ஜாக்கி போட்ட பஸ்ஸுக்கு அடியில் பயமில்லாமல் படுத்துக்கிடக்கிற மனுஷர், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, சிரித்தால் வயிறு இழுக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், அவர் என்னையே பார்த்தார், பையைக் கீழே வைத்தார், போனை எடுத்தார். மதினி, நான் வெயிலுமுத்து பேசுறேன், ஒங்க தங்கச்சி வடை திங்கல, நாந்தான் ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் குடுத்தேன், ஆகாதுன்னு தெரிஞ்சும் நான் வச்சதுக்காகக் குடிச்சா, இனிமே அவள ஒண்ணும் சொல்லாதீங்க, சொல்றத என்னைச் சொல்லுங்க. அந்தப் பக்கம் அக்காவின் குரல் எனக்கே கேட்கிறது, அவர் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்கிறார், என்னைப் பார்க்கிறார், பிறகு மெல்லக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ம், ஆமா மதினி, தப்புதான் மதினி என்று வெயிலில் நின்று கேட்க ஆரம்பித்தார், அக்கா லேசில் விடுகிறவள் இல்லை, ஆட்டோக்காரரிடம் கொஞ்சம் இருப்பா என்று சொல்லிவிட்டு நான் படியில் உட்கார்ந்துகொண்டேன்.