பாக்கெட்டில் மணல்

சாவு வீட்டுக்கு வரச் சட்டை மாற்றிக்கொள்ளக்கூட இந்தக் காலத்து ஆட்களுக்கு நேரமில்லை என்று முணுமுணுத்தபடி, பெரியவர் கையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே போட்டார். கேட்டைத் திறந்துகொண்டு எட்டுப் பேர் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு பனியன், அரைக்கால் சட்டை, நெற்றியில் காய்ந்த வியர்வை. ஒருத்தன் காதில் இன்னும் ஒயர் தொங்குகிறது. ஹாலில் தம்பி வெள்ளைத் துணிக்குள் படுத்திருக்கிறான். இதுகள் சோப்பு விளம்பரத்துக்கு வந்த மாதிரி வந்து நிற்கின்றன.

"யாரு நீங்க? எந்தக் கம்பெனி?"

முன்னால் நின்ற பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். தெருமுனை மருந்துக்கடையில் பார்த்த முகம். அழுது வீங்கியிருந்தது.

"கம்பெனி இல்லைங்க. நாங்க அண்ணன்கூட ஓடுறவங்க."

"யாரு ஓடுறது?"

"அண்ணன்தான். எங்க லீடரே அவருதாங்க."

பெரியவர் சிரித்தே விட்டார். "வீடு மாறி வந்துட்டீங்க. இங்க செத்திருக்கிறது என் தம்பி. அவன் நடக்குறவன்."

யாரும் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரி அவரைத் தாண்டி உள்ளே பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி, கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்துகொண்டாள். வீடு மாறவில்லை என்று அந்தக் குனிவிலேயே தெரிந்துபோனது.

நாற்காலியை அவர் எடுக்கவில்லை. அவர்களே சுற்றிக்கொண்டு போனார்கள்.

காலையில் தம்பி மகள் போனில் சொன்னது, "அப்பா வாக்கிங் போன இடத்துல விழுந்துட்டாரு பெரியப்பா" என்றுதான். காலையில் என்ன வாக்கிங், சாயங்காலம்தானே என்னோடு வருவான் என்று அப்போதே உறுத்தியது. அழுகிற பெண்ணிடம் எப்படிக் கேட்பது?

நடையைத் தொடங்கி வைத்ததே அவர்தான். மூன்று வருடத்துக்கு முன் டாக்டர் தம்பியை மிரட்டி அனுப்பியபோது அவன் தொண்ணூற்றேழு கிலோ. சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் குண்டன் என்றுதான் பெயர். மறுநாள் சாயங்காலம் பெரியவர் வந்து கதவைத் தட்டினார். "கிளம்புடா குண்டா." கிளம்பும் முன் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார். நடை மட்டும்தான், ஓடக் கூடாது.

காரணம் அவனுக்கும் தெரியும். அவர்கள் அப்பா ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பஸ்ஸுக்காக ஓடினார். பஸ்ஸைப் பிடித்தும்விட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே நின்ற பெரிய மகனுக்கு டாட்டா காட்டத் தூக்கிய கை அப்படியே விழுந்தது. பெரிய மகனுக்கு அன்று பதினேழு வயது. தம்பிக்கு நாலு. அன்றிலிருந்து அவனுக்கு அப்பா வேலையையும் அவர்தான் பார்த்தார். "ஓட மாட்டேன் அண்ணே," என்று தம்பி அவர் உள்ளங்கையில் அடித்துச் சொன்னான்.

தம்பி வீட்டிலிருந்து பழைய எடைமேடை கேட் வரை போய்த் திரும்பினால் நாலு கிலோமீட்டர். அந்த எடைமேடையில்தான் பெரியவர் முப்பத்தாறு வருடம் லாரிகளை எடை போட்டார். ரிட்டயர் ஆனபோது கொடுத்த இரும்புத் தராசு அவர் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்ததும் தம்பி அதில் ஏறி நிற்பான். பெரியவர் கம்பியில் குண்டை நகர்த்தி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சுவரில் பென்சிலால் எழுதுவார். முதல் வருடம் தொண்ணூற்றிரண்டில் வந்து முட்டிக்கொண்டு ஆறு மாதம் அசையவில்லை. திருட்டுத்தனமாகத் தின்கிறாய் என்று திட்டினார். வழியில் இன்னொரு தெருவைச் சேர்த்தார். இறங்க ஆரம்பித்தது. போன ஞாயிற்றுக்கிழமை எண்பத்துநாலு. "டாக்டரால ஆகாததை என் நடை பண்ணிடுச்சு பாரு" என்று அவர் சொல்லாத ஆள் தெருவில் கிடையாது.

சமையலறையில் தம்பி மகள் பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்பலேருந்து ஓடுறான்?"

அவள் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "ஒன்றரை வருஷமா பெரியப்பா."

"உனக்குத் தெரியும்."

"ம்."

"உங்கம்மாவுக்கும் தெரியும். தெருவுக்கே தெரியும். நான் ஒருத்தன்தான் மடையன்."

"அப்படி இல்ல பெரியப்பா. நடந்து எடை இறங்கலை. டாக்டர் ஹார்ட்டெல்லாம் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் விட்டாரு. முதல்ல ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. வாட்ச்ல சத்தம் வரும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா..."

"சத்தியம் பண்ணினானே, அது எந்த வாட்ச்ல வருது?"

அவர் விறுவிறுவென்று தம்பி அறைக்குள் போனார். லாரியைச் சோதனை போடுவது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். கட்டிலுக்கடியில் அவர் வாங்கிக் கொடுத்த கறுப்பு ஷூ இருந்தது. அதற்குப் பின்னால், செய்தித்தாளில் சுற்றி வேறு இரண்டு ஜோடி. புரட்டிப் பார்த்தார். இரண்டிலும் முன்பாதம் வழவழவென்று தேய்ந்திருந்தது. மேசை டிராயரில் ரிப்பன் கட்டிய மெடல்கள். கதவுக்குப் பின்னால் சாயங்கால நடைக்குப் போடும் காக்கி பேன்ட் தொங்கியது. அதைத் தள்ளிக் கதவை மூடப் போனார். பேன்ட் கதவில் மோதி 'தொப்' என்றது.

பாக்கெட்டுக்குள் கையை விட்டார். தடித்த துணியில் நன்றாகத் தைத்த ஒரு பை வந்தது. உள்ளே மணல். இன்னொரு பாக்கெட்டில் இன்னொன்று. உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார். அந்தக் கைக்குத் தராசு தேவையில்லை. ஒவ்வொன்றும் இரண்டே கால் கிலோ.

பிறகு ஏற்றும் சரக்கின் எடையைக் குறைத்துக் காட்ட, வெறும் லாரியைக் கனமாக்க டிரைவர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று அவர்தான் தம்பிக்குச் சொல்லியிருக்கிறார். சீட்டுக்கடியில் ஆளைப் படுக்க வைப்பார்கள். டிரம்மில் தண்ணீர் நிரப்பி வருவார்கள். தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். "எப்படிண்ணே கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்பான். முப்பத்தாறு வருடத்தில் ஒரு டிரைவரையும் அவர் நம்பியதில்லை. தம்பியின் பாக்கெட்டை மட்டும் ஒருநாளும் தட்டிப் பார்த்ததில்லை.

அறை வாசலில் தம்பி மகள் நின்றாள். பைகளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"யாரு தைச்சது?"

"அம்மா. சட்டுன்னு எடை குறைஞ்சா உங்களுக்குச் சந்தேகம் வந்துடும்னு அப்பாதான்... உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவருக்குத் தெரியலை பெரியப்பா. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவீங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

"லாரி டிரைவர் கணக்கா என்னையே ஏமாத்தியிருக்கானே?"

பைகளைத் தன் பேன்ட் பாக்கெட்டுகளில் திணித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். ஆரஞ்சுக் கூட்டம் சுவரோரம் நின்றது. தம்பியின் நெஞ்சின் மேல் ஒரு ஆரஞ்சு பனியனை விரித்திருந்தார்கள். அந்த நிறத்தில் அவனை அவர் பார்த்ததே இல்லை. கன்னம் ஒட்டி, தாடை எலும்பு தெரிந்தது. நல்ல சட்டை போட்டிருக்கிறான் என்று மூன்று வருடமாகச் சட்டையைப் பார்த்தவர், ஆளைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

"ஓட வச்சுக் கொன்னுட்டு, மேல துணி வேற போர்த்துறீங்களா?"

மருந்துக்கடைக்காரி அருகில் வந்தாள். "அண்ணன் ஓடும்போது விழலைங்க. முடிச்சுப் பத்து நிமிஷம் ஆச்சு. எல்லாரும் தண்ணி குடிச்சுட்டு நின்னோம். எதையோ சொல்லிச் சிரிச்சாரு, அப்படியே உட்கார்ந்தாரு. தலையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. தூங்கும்போதுகூட வந்திருக்கலாமாம்."

"அப்பத் தூங்கும்போதே வந்திருக்கட்டும்."

"உங்ககிட்ட இந்த ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன்னு நேத்துகூடச் சொன்னாருங்க."

"செத்தவன் சொன்னான்னு என்ன வேணாலும் சொல்லலாம்மா. அவன் எழுந்து வந்து இல்லேன்னா சொல்லப்போறான்?"

ஆரஞ்சுக் கூட்டத்தில் பின்னால் நின்ற டவுன் பஸ் டிரைவர் ஒருத்தர் தொண்டையைச் செருமினார். "பெரியவரே, கோபப்படாதீங்க. அவரு நிக்காம ஒன்றரை மணி நேரம் ஓடுவாரு. எங்கள்ல யாருக்கும் அந்த மூச்சு கிடையாது."

"பொய் சொல்லாதய்யா." பெரியவர் குரல் உயர்ந்தது. "மூச்சாம் மூச்சு! என்கூட நாலு கிலோமீட்டர் நடக்க அவனுக்கு மூச்சு கிடையாது. தினமும் அந்த டிரான்ஸ்பார்மர்கிட்ட வந்ததும், 'அண்ணே மூச்சு வாங்குது, கொஞ்சம் நில்லுங்க'ன்னு கெஞ்சுவான். அவனுக்காக நான் நிப்பேன். மூணு வருஷமா நின்னிருக்கேன். அவன் ஒன்றரை மணி நேரம் ஓடுனானாம்!"

பஸ் டிரைவர் தரையைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். தம்பி மனைவி அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"என்ன எல்லாரும் என்னையே பார்க்கிறீங்க?" என்றார்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. தம்பியை ஏற்றினார்கள். எட்டுப் பேர் தூக்க வேண்டும் என்று நினைத்திருந்தார், நாலு பேரே போதுமானதாக இருந்தது. மயானம் எடைமேடை கேட்டைத் தாண்டி அரை கிலோமீட்டர். "ஏறுங்க பெரியப்பா," என்று தம்பி மகள் கையை நீட்டினாள்.

"நான் நடந்தே வரேன்."

"நானும் உங்ககூட..."

"வேணாம். போ."

வண்டி கிளம்பியது. ஆரஞ்சுக் கூட்டம் பின்னாலேயே நடந்தது. கொஞ்ச தூரம் போனதும் மருந்துக்கடைக்காரி நடையைத் தளர்த்தி அவருக்குப் பக்கத்தில் வந்தாள்.

"வேணும்னே மெதுவா வர்றீங்களா?" என்று பெரியவர் கேட்டார்.

"ஆமாங்க. இன்னிக்கு முடியலை."

"எனக்காகப் பண்ணாதீங்க. ஓடுறவங்கதானே, முன்னாடி போங்க."

அவள் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுப் போனாள். பெரியவர் தனியாக நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் பைகள் தொடையில் மாறி மாறி இடித்தன. எடுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. மருந்துக்கடை ஷட்டர் இறங்கியிருந்தது. சைக்கிள் ரிப்பேர் கடை, பால் பூத், அவர் பிற்பாடு சேர்த்த அந்தத் தெரு. மேட்டில் ஏறும்போது சட்டை முதுகில் ஒட்டியது. டிரான்ஸ்பார்மர் வருவதற்கு முன்பே நெஞ்சு பட்டறைத் துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. வாயைத் திறந்து காற்றை இழுத்தார். கம்பத்துக்குப் பக்கத்தில், தம்பி வழக்கமாக நிற்கும் காலி இடத்தை ஒருதரம் பார்த்தார்.

"அவனுக்குத்தான் மூச்சு வாங்கும்," என்றார், சத்தமாக.

நிற்கவில்லை. நடந்தார்.