பிரெஞ்சு மணி

புதுச்சேரியை நடுவில் பிளந்துகொண்டு ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கிழக்கே வெள்ளைக்காரன் வீடுகள், மேற்கே நம்மவர்கள், நடுவில் அந்த நாற்றம். அதன் கரையில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் மனைவி மரிய செல்வி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். குதிகால் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. புதுச் செருப்பு, இந்தப் பயணத்துக்கென்றே நான் வாங்கிக் கொடுத்தது. கொடுத்து வைக்காதவளுக்கு எதைக் கொடுத்து என்ன?

"மணி என்னாச்சுங்க?" என்றாள். நாலாவது தடவை.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்துபோன கையோடு மூன்று நாள் லீவு போட்டிருந்தேன். ஆவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறேன். டூப்ளே, டூப்ளே என்று வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்துகிறவன், அவன் ஆண்ட ஊரைக் கால்நடையாக ஒருதரம் பார்க்க வேண்டாமா? இவளுக்கு டூப்ளேயும் வேண்டாம், கடலும் வேண்டாம். தங்கச்சியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தங்கச்சி ஜெபமாலை இந்த ஊரில் ஓர் அடைபட்ட மடத்தில் கன்னியாஸ்திரி. உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை. உறவுக்காரர்கள் வந்தால் கம்பிக்குப் பின்னால், கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவார்கள். மூன்று மணியிலிருந்து நாலு மணி வரைதான். மறுநாள் விபூதிப் புதன். நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரை யாரையும் விடமாட்டார்கள். 'நெஞ்சில் நோய் முற்றிவிட்டது, பார்ப்பதென்றால் தபசுக்கு முன்னால் வாருங்கள்' என்று மதர் எழுதியிருந்தார். கடிதத்தை இவளுக்குப் படித்துக் காட்டியதே நான்தான். செவ்வாய்க்கிழமை வருகிறோம் என்று பதில் போட்டதும் நான்தான்.

நான் முதலில் பெண் பார்க்கப் போனது ஜெபமாலையைத்தான். அக்கா இருக்கத் தங்கையைக் கேட்டேன், அவ்வளவு அழகு. என் அம்மா, மாமன்மார், பங்குச் சாமியார் எல்லோரும் உட்கார்ந்திருக்க, காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு, "இவரக் கட்டிக்கிறதுக்கு நான் மடத்துக்கே போயிருவேன்" என்றாள். சொன்னபடி போனாள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஒரே மாதத்தில் அக்காவை எனக்குக் கட்டிவைத்தார்கள். பதினோரு வருஷம் ஆயிற்று. அந்தத் திரைக்கு முன்னால் நான் போய்க் கைகட்டி உட்கார்ந்து சௌக்கியமா என்று கேட்க வேண்டுமாக்கும்! நல்ல கதையாக இருக்கிறதே!

கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே முக்கால்.

"ஒண்ணேகால்தான். எம்புட்டோ நேரம் கெடக்கு. கவர்னர் மாளிகையப் பாத்துட்டுப் போவோம், வா."

அங்கே போவதற்குள் மாதா கோயில் மணி மூன்று அடித்தது. அவள் விரல் விட்டு எண்ணினாள். "மூணு அடிக்குதுங்களே!"

"அது பிரெஞ்சு மணி. நம்ம மணிக்கு ஒண்ணரை மணி முன்னாடி ஓடும். வெள்ளைக்காரன் போனாலும் அவன் மணி போகலயில்ல."

"அப்பிடிங்களா?" என்றாள். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் அவளுக்கு. இடுப்பில் செருகியிருந்த சித்தரத்தை, பனங்கற்கண்டுப் பொட்டலத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு பின்னால் நொண்டி நொண்டி வந்தாள். ரிக்‌ஷாக்காரன் ஒருவன் அவள் காலைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டினான். நான் போகச் சொல்லிவிட்டேன். தெருப் பெயர்களைப் படித்துக் காட்டினேன். கடற்கரையைக் காட்டினேன். மறுபடி வாய்க்காலைத் தாண்டி இங்கிட்டு வந்தோம், அங்கிட்டுப் போனோம். நாலு அடித்தது. இந்தத் தடவை அவள் எண்ணவில்லை.

மடத்து வாசலில் மணியை இழுத்தபோது நாலரை ஆகப்போன நேரம். சின்ன ஜன்னலில் வயதான கன்னியாஸ்திரி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஜெபமாலையோட அக்காவா? நேரம் முடிஞ்சுபோச்சேம்மா. உங்க தங்கச்சிய ரெண்டு பேர் தாங்கிக் கூட்டியாந்து ஒக்கார வச்சோம். ஒரு மணி நேரமும் திரையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. இனிமே டாக்டர் மாடியிலேருந்து எறக்க விடமாட்டாரு."

"இன்னும் மூணு அடிக்கலயேம்மா?"

"நாலு அடிச்சு எந்நேரம் ஆச்சு!"

"அது பிரெஞ்சு மணி இல்லீங்களா?"

"மணியில என்னம்மா பிரெஞ்சு மணி?" என்றார் அவர்.

செல்வி பொட்டலத்தை ஜன்னலில் வைத்தாள். அவர் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"நடுத்தெருவுல நின்னு மானத்த வாங்காத. ஈஸ்டர் கழிச்சு வந்தாப் போச்சு."

"அதுவரைக்கும் அவ இருக்கணுமே."

செருப்பை வாசலிலேயே போட்டுவிட்டு, மதிற்சுவரில் ஒரு கையை வைத்து நடக்க ஆரம்பித்தாள். "ஜெவமால! அக்கா வந்திருக்கேன்டி!" அடிப்பாவி, என்ன குரல்! பதினோரு வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. மூலை திரும்பினாள். அடுத்த மூலையும் திரும்பினாள். வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். குடையோடு நான் பின்னாலேயே போனேன். "செல்வி, ரயில் போயிரும்" என்றேன். ஆளில்லாத இடத்தில் யாரோ பேசியதுபோல அவள் பாட்டுக்குப் போனாள். இரண்டு சுற்று முடிந்தது. அத்தனை நேரம் நொண்டியவள் இப்போது நொண்டவில்லை.

மூன்றாவது சுற்றில், பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கோ உயரத்தில் யாரோ இருமினார்கள். அடிவயிற்றிலிருந்து வந்த இருமல். அவள் நின்றுவிட்டாள்.

"யாரோ இருமுறாங்க. மடம்னா நூறு பேர் இருமுவாங்க, வா" என்றேன்.

அவள் சுவரோடு ஒட்டி நின்று பேச ஆரம்பித்தாள். அப்பாவுக்கு நல்ல சாவு என்றாள். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது என்றாள். இருமல் வரும்போதெல்லாம் நிறுத்தினாள், "ம்" என்றாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல மேலே சொன்னாள்.

"அவரா?" என்றாள் ஒருதரம். "அவரு வரலடி. நான் தனியாத்தான் வந்தேன்."

நான் மூன்று முழத் தூரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருமல் நின்றுபோயிற்று. அவள் சுவரில் காதை வைத்து அது மறுபடி வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.