கையில் தங்காத பிள்ளை

சந்தனத்துக்கு ஒரு பொருளைக் கையில் வைத்திருக்கத் தெரியாது. வாங்கத் தெரியும், கொடுக்கத் தெரியும். பதினைந்து வருடமாக ஆலங்குடிப் பக்கத்துத் தோப்புகளில் பலாப்பழ லோடு ஏற்றுகிறான். மரத்தடியிலிருந்து லாரி வரைக்கும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். வலது பக்கத்து ஆளிடம் பழத்தை வாங்கி இடது பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். நடுவில் நின்று யோசித்தால் முள் உள்ளங்கையில் இறங்கிவிடும். அதனால் பழம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இப்படிப்பட்ட கையில் கொண்டுபோய் ஒரு பெண் குழந்தையைக் கொடுத்தார்கள்.

தலைப்பிரசவம் என்பதால் அவன் பெண்டாட்டி வைஷ்ணவி கொடும்பாளூரில் தன் ஆத்தா வீட்டில் இருந்தாள். சந்தனம் ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி வந்து பார்த்துவிட்டுப் போவான். பிள்ளைக்குப் பிரகதாம்பாள் என்று அம்மன் பெயர் வைத்தாகிவிட்டது. பிள்ளையைவிடப் பெயர் கனம்.

முதல் ஞாயிறு மாமியார் முனியாயி பிள்ளையைப் பதமாக அவன் கையில் வைத்தாள். வைத்த கையை அவள் எடுப்பதற்குள், பக்கத்தில் உளுந்த வடை தின்றுகொண்டிருந்த மாமனார் மடியில் பிள்ளை கிடந்தது. வாயில் வடையோடு அவர் முழித்தார். அடுத்த வாரம் பால்காரர் கைக்குப் போனது. அதற்கடுத்த வாரம்தான் வினை. கரண்ட் மீட்டர் பார்க்க ஒருவர் வந்து இவனுக்கு இடது பக்கமாக நின்று தொலைத்தார்.

"என்னங்க இது?" என்றார் அவர், ஒரு கையில் மெஷினும் மறு கையில் பிரகதாம்பாளுமாக.

"எங்க பிள்ளைங்க."

"சரிங்க, எனக்கு எதுக்குங்க?"

வைஷ்ணவி ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அஞ்சாம் மாசம் எங்கள ஊருக்குக் கூப்பிட வர்றதா இருந்தா யோசிச்சுட்டு வாங்க மாமா. நீங்க வேணாம்னு தள்ளுற பிள்ளைய தூக்கிக்கிட்டு நான் எங்கிட்டு வாரது?"

"வேணாம்னு யாரு சொன்னா? கை பழகிப்போச்சு."

"சோத்துத் தட்ட மட்டும் ஒருத்தருகிட்டயும் தள்ளக் காணோமே?"

திரும்பும் பஸ்ஸில் அவனுக்கு மனசே சரியில்லை. கை மட்டும் காரணமில்லை என்று அவனுக்கே தெரியும். பிள்ளையைப் பார்த்ததும் எல்லாரும் நெய்யாய் உருகுகிறார்கள். அவனுக்கோ விருந்தாளி வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போலிருந்தது. பாட்டி தூக்கினால் பேசாமல் இருக்கிறது, இவனைக் கண்டால் வாயைக் கோணுகிறது. அது அழுது மானத்தை வாங்குவதற்கு முன்னால் தள்ளிவிட்டால் தேவலை என்றிருந்தது. இதை யாரிடம் சொல்வது? வரிசையில் இடது பக்கம் நிற்கும் மலையாண்டியிடம் சொன்னால், பழத்துக்கு முன்னால் சேதி லாரிக்குப் போய்விடும்.

அடுத்த ஞாயிறு அவன் செருப்பைக் கழற்றியதும் வைஷ்ணவி பிள்ளையைக் கையில் திணித்தாள்.

"நானும் ஆத்தாவும் விராலிமலைக் கோயிலுக்குப் போயிட்டு வாரோம். பால் குடிச்சாச்சு. நான் வார வரைக்கும் இது ஒங்க கையிலதான் இருக்கணும். கைமாத்துனீங்கன்னு தெரிஞ்சுச்சு, அஞ்சாம் மாசமும் இல்ல, ஆறாம் மாசமும் இல்ல."

போய்விட்டார்கள். மாமனாரையும் காணோம். சந்தனம் இடது பக்கம் திரும்பினான், சுவர் இருந்தது. வலது பக்கம் பீரோ. பிரகதாம்பாள் வாயைக் கோணியது. தெருவுக்கு ஓடினான்.

பக்கத்து வீட்டுக்காரி இவனைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள். "மாப்ள, வைஷ்ணவி சொல்லிட்டுப் போயிருக்கு. எங்கிட்ட வராதீங்க!" என்று சன்னல் வழியாகக் குரல் வந்தது. டீக்கடைக்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தெருவில் நின்ற ஆட்டைக்கூட ஒரு கணம் பார்த்தான். அதுவும் போய்விட்டது.

கடைசியில் ஊரிலிருக்கும் பழைய மூவர் கோயில் வாசலுக்கு வந்தான். காவலுக்கு இருந்தவர் வெளியூர்க்காரர், அவருக்குச் சேதி தெரிய வாய்ப்பில்லை. பிள்ளையை நீட்டினான்.

"பொருள் எதையும் உள்ள வச்சுட்டுப் போகக் கூடாதுங்க" என்றார் அவர்.

"பொருள் இல்லைங்க, பிள்ளை."

"அப்ப வெளியவும் வச்சுட்டுப் போகக் கூடாது."

பிரகதாம்பாள் வீரிட்டது. வரிசை அறுந்துபோய்விட்டது, இனித் தள்ள ஆளில்லை. கோயிலைச் சுற்றி நடந்தான். முள் இப்போது குத்தும், இப்போது குத்துமென்று உள்ளங்கை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. குத்தவில்லை. அதற்குப் பதிலாகச் சூடாக ஏதோ முழங்கை வழியே இறங்கியது.

"ஏ ஆத்தா! பலாவாச்சும் பாலுதானே வடியும், நீ என்ன இப்படி வடியுற?"

குரல் கேட்டதும் அழுகை நின்றது. பிள்ளை அவனை உற்றுப் பார்த்தது. அவனும் பார்த்தான். முதல் தடவையாக நின்று நிதானமாகப் பார்த்ததில்தான் தெரிந்தது, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அவனுடைய அதே சப்பை மூக்கு.

"அட பாவமே! இதையா எங்கிட்டருந்து எடுத்த? வேற நல்லது ஒண்ணும் கெடைக்கலையா?" என்றான். கொஞ்சம் யோசித்து, "வேற இல்லதான்" என்று அவனே ஒத்துக்கொண்டான்.

அப்புறம் பேச்சு நிற்கவில்லை. எந்தத் தோப்புப் பழம் இனிக்கும், எந்த லாரி டிரைவர் பொய் சொல்வார், எல்லாம் சொன்னான். கேட்டுக்கொண்டே பிரகதாம்பாள் தூங்கிப்போனது. அவன் நின்றான். உடனே கண் திறந்தது. நடந்தான், மூடியது. மறுபடி நின்று பார்த்தான். மறுபடி திறந்தது.

வைஷ்ணவி திரும்பி வந்தபோது உச்சிவெயில். சாத்தின கதவெல்லாம் திறந்திருந்தது. தேர் பார்ப்பது போலத் தெருவே வாசலில் நின்றது. சந்தனம் தலையில் துண்டைப் போட்டு, பிள்ளைக்கும் அதில் நிழல் பிடித்துக்கொண்டு, பத்தாவது தடவையோ பதினைந்தாவது தடவையோ தெருக்கோடி வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தான்.

"குடுங்க மாமா, போயிச் சாப்பிடுங்க."

"சத்தம் போடாத. நின்னா முழிச்சுக்கும்."

வைஷ்ணவி உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டுவந்து, கூடவே நடந்து ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். பின்னாலேயே முனியாயி தண்ணிச் செம்போடு வந்தாள். தெரு சிரித்தது. பிள்ளை தூங்கியது.

"அஞ்சாம் மாசம் எந்தக் கெழம வரட்டும்?" என்றான் வாய் நிறையச் சோற்றோடு.

"புதன்கெழம வாங்க. மெல்ல நடங்க, கொழம்பு ஊத்துது."

"ரெண்டு பஸ் மாறணுமே. ஒக்காந்தா முழிச்சுக்குமே?"

"அப்ப அப்பனும் மகளும் ஆலங்குடிக்கு நடந்தே வாங்க. நான் முன்னாடி பஸ்ஸுல போயி சோத்துக்கு ஒல வைக்கிறேன்."